அடிக்கு அரை அங்குலம்

(மாதிரிப் படகு செய்யும் தொழிலைத் தொடங்க விரும்பும் குழுக்களுக்காக, கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இந்த மேசைமேல் இரண்டு கட்டுமரங்களை வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரு அடி நீளம். ஒன்று சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பளபளவென்று இருக்கிறது. உச்சியில் ஒரு கொடி வேறு. இன்னொன்றுக்குச் சாயமே இல்லை, பழைய கட்டை நிறத்தில் இருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன்னால் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். "எது நல்லா இருக்கு?" என்று கேட்டோம். பாதிக்கு மேல் கலர் படகைத்தான் காட்டினீர்கள். கடலோரக் கிராமத்து அக்காமார் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கீழே வைத்தார்கள்.

அந்தச் சிரிப்பு எதற்கு என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் இரண்டு வருடமாக மாதிரிக் கட்டுமரம் செய்து விற்கின்றன. இன்னும் சில குழுக்கள், "நாங்களும் செய்யலாமா, லோன் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாங்கள் விழுந்த பள்ளத்தில் நீங்களும் விழ வேண்டாம். அதனால் பள்ளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

திரும்பி வந்த பெட்டி

முதல் வருடம் வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து நாற்பது படகுக்கு ஆர்டர் வந்தது. நமக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழு உள்கடன் எடுத்து மரம், பெயிண்ட், பெவிகால் எல்லாம் வாங்கினோம். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்து, பெட்டி கட்டி, லாரியில் போட்டு அனுப்பினோம். ஒன்றரை மாதம் கழித்து முப்பத்தொரு படகு திரும்பி வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தபோது அந்த அறையில் யாருமே பேசவில்லை. சில படகுகளில் கட்டைகள் விரிந்து, இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சிலதில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. நன்றாக இருந்தவற்றையும் ஏன் அனுப்பினார்கள் என்று போன் போட்டுக் கேட்டோம். கடைக்காரர் சொன்னார்: "வாங்க வந்தவர் மீனவர் வீட்டுப் பிள்ளைங்க. இது கட்டுமரமே இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அப்புறம் நான் எப்படி விற்கிறது?"

சகோதரிகளே, அந்தத் தவறு செய்தவர்கள் நாங்கள். பயிற்சிக்கு ஒருவரை வரவழைத்தோம். மூன்று நாள் பயிற்சி, ஒரு படம். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள் என்று உங்கள் கையில் கொடுத்தோம். பயிற்சியில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் கட்டுமரத்தில் வந்த மீனை விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அவர்களைப் பார்த்து, "அம்மா, கட்டுமரம் எப்படி இருக்கும்?" என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. சமூகப்பணியில் பட்டம் வாங்கியிருக்கிறோம். மக்களிடமிருந்து தொடங்கு என்றுதான் அங்கே பாடமும் சொல்லித் தந்தார்கள். நாங்கள் படத்திலிருந்து தொடங்கினோம்.

கரைக்குப் போனோம்

பெட்டி திரும்பிய அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "எங்க வீட்டுக்குப் பின்னால மரம் கிடக்குது. வேணுமின்னா வந்து பாருங்க" என்றார். கட்டுமரத்தை அந்தப் பக்கம் வெறுமனே 'மரம்' என்றுதான் சொல்வார்கள். அவர் வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் ஃபைபர் படகில் போகிறார்.

நம் நாகப்பட்டினம் மாவட்டக் கரையில் ஒரு காலத்தில் வரிசையாகக் கட்டுமரம்தான் கிடக்கும். ஃபைபர் படகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி நம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. இருந்த மரங்களையும் அடித்துக்கொண்டு போனது. அதன்பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டால் கட்டுமரத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்தேன் என்கிறது. அந்தத் தாத்தாவின் மரத்தில் இரண்டு கட்டை சுனாமியில் போய்விட்டதாம். புதுக்கட்டை வாங்கிச் சேர்த்து இன்னும் சில வருடம் ஓட்டியிருக்கிறார். இப்போது ஐந்து கட்டையும் தனித்தனியாக வேலியோரம் கிடந்தன. கோழி அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

எங்களுக்காக அந்த ஐந்தையும் மணலில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டிக் காட்டினார். பேரனும் மகனும் கூட நின்று உதவினார்கள். அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறோம்.

ஒன்று, கட்டுமரத்தில் ஆணி கிடையாது. பேரிலேயே இருக்கிறது பாருங்கள், கட்டு மரம். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. அலை அடிக்கும்போது கட்டைகள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஆணி அடித்து இறுக்கினால் அலை அதை உடைத்துவிடும்.

இரண்டு, ஐந்து கட்டையும் ஒரே மாதிரி இல்லை. நடுக்கட்டைதான் நீளம், தடிப்பு. அது கீழே தாழ்ந்து இருக்கும். பக்கத்துக் கட்டைகள் சற்று மேலே ஏறி நிற்கும். குறுக்கே பார்த்தால் உள்ளங்கையைக் குவித்த மாதிரி. அணியம், அதாவது முன்பகுதி, ஒடுங்கி மேல்நோக்கி வளையும். நம் கலர் படகில் ஐந்தும் ஒரே தடிப்பு, பலகை மாதிரி தட்டை!

மூன்று, தண்ணீர் உள்ளே வரும், அதே வழியில் வெளியே போகும். அதனால் மூழ்காது. ஆனால் கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மணலில் காயப்போடுவார்கள்.

நான்கு, இந்த மரத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'கேடமரான்' என்று ஒரு படகுக்குச் சொல்கிறார்களே, அது நம் 'கட்டுமரம்' தான். டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே, சோழமண்டலக் கரையில் இப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மண்ட் பாரி என்பவர் 1830-களில் உலகம் சுற்றிய கப்பல்களில் வந்து, போன ஊரில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். நம் கரைப் படகுகளும் அவர் நூலில் உண்டு. பிறகு அவர் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்துக்குத் தலைவரானார். அந்தப் படங்களை வைத்து மாதிரிப் படகுகள் செய்யச் சொன்னார். நிஜப் படகுகளில் பல மறைந்துவிட்டன. அளவு இருந்ததால் மாதிரி இன்றும் இருக்கிறது. நம் தாத்தா வீட்டுக் கட்டைகள் நாளைக்கு அடுப்புக்குப் போகலாம். நம் நோட்டில் எழுதிய அளவு போகாது.

இரண்டு வரி வாய்ப்பாடு

சரி, 24 அடி மரத்தை எப்படிச் சின்னதாக்குவது? இங்கேதான் எல்லோரும் பயப்படுகிறீர்கள். பயப்படவே வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்குக்கூடத் தேவையில்லை.

உலகத்தில் மாதிரிக் கப்பல் செய்பவர்கள் 24-ல் ஒன்று, 48-ல் ஒன்று, 72-ல் ஒன்று என்று சில அளவுகளை வைத்திருக்கிறார்கள். நாம் 24-ல் ஒன்று எடுத்துக்கொண்டோம். ஏன் தெரியுமா? ஒரு அடிக்கு 12 அங்குலம். 24-ல் ஒன்று என்றால் ஒரு அடி அரை அங்குலம் ஆகிவிடும். ஒரு அங்குலம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவுதான். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

அடிக்கு அரை அங்குலம்.
அங்குலத்துக்கு ஒரு மில்லி.

தாத்தா வீட்டு மரத்தை அளந்து, குழு நோட்டில் எழுதியது இது:

மொத்த நீளம்: நிஜத்தில் 24 அடி, மாதிரியில் 12 அங்குலம்.
நடு அகலம்: 3½ அடி, மாதிரியில் 1¾ அங்குலம்.
அணியத்து அகலம்: 2 அடி, மாதிரியில் 1 அங்குலம்.
நடுக்கட்டைத் தடிப்பு: 10 அங்குலம், மாதிரியில் 10 மில்லிமீட்டர்.
பக்கக் கட்டைத் தடிப்பு: 8 அங்குலம், மாதிரியில் 8 மில்லிமீட்டர்.
துடுப்பு நீளம்: 7 அடி, மாதிரியில் 3½ அங்குலம்.
துடுப்பு அகலம்: 6 அங்குலம், மாதிரியில் 6 மில்லிமீட்டர்.
கட்டுக் கயிறு: முக்கால் அங்குலம், மாதிரியில் முக்கால் மில்லிமீட்டர்.
வலைக் கண்: ஒன்றேகால் அங்குலம், மாதிரியில் ஒன்றேகால் மில்லிமீட்டர்.

இப்போது கலர் படகை எடுங்கள். துடுப்பை அளந்து பாருங்கள். ஏழரை அங்குலம் வருகிறதா? அப்படியென்றால் நிஜத்தில் பதினைந்து அடி! எந்த மீனவர் அதைப் பிடித்துத் துடுப்புப் போடுவார்? கயிறு ஐந்து மில்லி. நிஜத்தில் ஐந்து அங்குலத் தடிப்பு. கோயில் தேரை இழுக்கலாம், மரம் கட்ட முடியாது. கடலோர அக்காமார் ஏன் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறதா? அவர்களுக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. கண்ணே அளந்துவிட்டது.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறோம். அட்டையில் இரண்டே முக்கால் அங்குலத்துக்கு ஓர் ஆள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது ஐந்தரை அடி மனிதர். எந்தச் சாமானைச் செய்தாலும் அவர் பக்கத்தில் வையுங்கள். இந்தக் கூடையை இவர் தூக்குவாரா? இந்தத் துடுப்பு இவர் கைக்கு வருமா? குழுவில் அந்த அட்டை ஆளுக்கு 'மேஸ்திரி' என்று பேர் வைத்திருக்கிறோம். மேஸ்திரி ஒப்புக்கொள்ளாத எதையும் படகில் ஏற்றுவதில்லை.

செய்முறை

மரம்: எடை குறைந்த, மென்மையான கட்டை வேண்டும். நாங்கள் கல்யாண முருங்கைக் கட்டை எடுக்கிறோம். முதல் தடவை பச்சைக் கட்டையிலேயே செய்தோம், அதனால்தான் காய்ந்ததும் விரிந்தது. இப்போது பதினைந்து அங்குலத் துண்டாகப் பிளந்து, நிழலில் அடுக்கி, காற்றோட்டமாகக் குறைந்தது ஒரு மாதம் விடுகிறோம். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு துண்டை வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையை எழுதிவையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

செதுக்குதல்: முதலில் காகிதத்தில் மாதிரியின் முழு அளவுக்கு மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் வரையுங்கள். கட்டையை அந்தப் படத்தின்மேல் வைத்து வைத்துச் செதுக்க வேண்டும். கத்தியில் உருட்டி, அரத்தில் ராவி, பிறகு உப்புத்தாள். 80 நம்பர், 120, கடைசியில் 220. கண்ணாடி மாதிரி வழவழப்பு ஆக்கிவிடாதீர்கள். அது மரம்.

கட்டு: பெவிகால் போட்டு ஐந்து கட்டையையும் ஒட்டவே கூடாது. நிஜ மரத்தைப் போலவே குறுக்குக் கட்டை வைத்து நூலால் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் கட்டை கொஞ்சம் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். கட்டு அதற்கு இடம் கொடுக்கும், பசை கொடுக்காது. கடலில் தாத்தாவுக்குத் தெரிந்தது அலமாரியிலும் செல்லும் பாருங்கள். நூலில் பிசிறு நிற்கும். 24-ல் ஒன்று அளவில் அந்தப் பிசிறு முள்ளு முள்ளாகத் தெரியும். மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துவிட்டால் படிந்துவிடும். முடிச்சு அவிழாமல் இருக்க, அடிப்பக்கம் மட்டும் ஊசி முனையால் ஒரு துளி பசை.

சாமான்கள்: மாதிரிக்கு உயிர் வருவது இங்கேதான். துடுப்பு மூங்கில் பிளாச்சில். பாய்க்கு நைந்துபோன பழைய வேட்டித் துணி. ஏன் பழையது? புதுத் துணி விறைப்பாக நிற்கும், இழையும் தடிப்பு. நைந்த துணிதான் காற்று வாங்கின பாய் மாதிரி தொங்கும். தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் பழுப்பு நிறம் வந்துவிடும். வலைக்குக் கிழிந்த கொசுவலை. அளந்து பார்த்தோம், கண் சரியாக வந்தது! வலை மிதவைக்கு ஜவ்வரிசி கோத்துப் பார்த்தோம். பார்க்க அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் எறும்பு வந்து மிதவையை எல்லாம் சுமந்துகொண்டு போய்விட்டது. இப்போது மூன்று மில்லி பாசிமணி கோக்கிறோம். நங்கூரத்துக்குக் கரையில் பொறுக்கிய கூழாங்கல்.

மீன் போடும் ஓலைப் பறியை எங்களால் செய்யவே முடியாது என்று நினைத்திருந்தோம். ஒரு அக்கா பனையோலையை ஊசி முனையால் கீறி, நூல் மாதிரி கிழித்து, முக்கால் அங்குல உயரத்தில் பின்னிக் கொண்டுவந்து வைத்தார். "நாலாம் வகுப்புல இருந்து பின்னுறேன், பெருசா பின்னத் தெரிஞ்சவளுக்குச் சிறுசா பின்னத் தெரியாதா?" என்றார். அந்தப் பறியைத்தான் வாங்குபவர்கள் முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள்.

நிறம்: கட்டுமரத்துக்குப் பெயிண்ட் வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பளபளப்பு வந்துவிட்டால் பொம்மை ஆகிவிடும். தேயிலைத் தண்ணீர் ஒரு கை, கரித்தண்ணீர் லேசாக ஒரு கை. கயிறு உரசும் இடம் கறுத்திருக்கும். ஆள் முட்டி போட்டுத் துடுப்புப் போடும் இடம் தேய்ந்து வெளுத்திருக்கும். அந்த இரண்டை மட்டும் காட்டினால் போதும். ஊரெல்லாம் கரி பூசிவிட்டால் எரிந்துபோன கட்டை மாதிரி ஆகிவிடும். அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

கூலியைச் சுருக்காதீர்கள்

"இவ்வளவு பாடுபட்டால் விலை கட்டுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கணக்கை ஒளிக்காமல் வைக்கிறோம்.

கலர் படகை 250 ரூபாய்க்கு அனுப்பினோம். பொருள் செலவு 110. மீதி 140 ரூபாய் லாபம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கை தட்டினோம். ஒரு படகுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் எழுதவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், ஏழு மணி நேரம். 140-ஐ ஏழால் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய். நாற்று நடப் போனால்கூட அதைவிட அதிகம். லாபம் என்று நாம் கை தட்டியது நம் சொந்தக் கூலி, அதுவும் பாதிக்கூலி. அந்த ஆர்டர் திரும்பி வராமல் இருந்திருந்தால்கூட நமக்கு நட்டம்தான்.

இப்போது அளவுப் படகின் கணக்கு. மரம், நூல், துணி, உப்புத்தாள், பசை, அடிப்பலகை, பெட்டி எல்லாம் சேர்த்து 200. நேரம் 14 மணி. ஒரு நாள் கூலி 400, எட்டு மணி வேலை என்று வைத்தால் மணிக்கு 50. ஆக 700. மொத்தம் 900. பத்துக்கு ஒன்று கெட்டுப்போகும், கத்தி தேயும், பஸ் செலவு இருக்கும், அதற்கு ஒரு நூறு. 1000 ரூபாய் வந்தால் கைக்கும் வாய்க்கும் சரி. அதற்கு மேல் வருவதுதான் லாபம். நாங்கள் 1200 என்று விலை வைத்திருக்கிறோம்.

விற்கிறதா? உண்மையைச் சொல்கிறோம். கண்காட்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். குழந்தைகளோடு வந்தவர்கள் கலர் படகைத்தான் கேட்டார்கள். அளவுப் படகு அன்றைக்கு இரண்டுதான் போனது. ஒரு அக்கா எங்களைக் கோபித்துக்கொண்டார். "வாங்குறவங்க கலர் கேக்குறாங்க, நீங்க அளவு அளவுன்னு உயிரை வாங்குறீங்க. எனக்கு வாரம் வாரம் காசு வேணும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் அந்தக் குழு ஒரு முடிவு எடுத்தது. குழந்தைகளுக்கு ஆறு அங்குலத்தில் சின்னப் பொம்மை தனியாகச் செய்வது, இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது, அதைப் பொம்மை என்று சொல்லியே விற்பது. அளவுப் படகை ஆர்டர் வந்தால் மட்டும் செய்வது, பாதிப்பணம் முன்கூட்டியே வாங்குவது. அன்றைக்கு இரண்டு வாங்கிப் போனவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர். அவர் மூலம் அடுத்து ஆறு படகுக்கு ஆர்டர் வந்தது. இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு அளவுப் படகோடும் ஒரு சின்ன அட்டை வைக்கிறோம். எந்தக் கரையில் இருந்த மரத்தை அளந்தது, என்ன அளவு, எந்தக் குழு செய்தது என்று அதில் இருக்கும். வாங்குபவருக்கு அது பொம்மை இல்லை என்று சொல்வது அந்த அட்டைதான். பூம்புகார் விற்பனை நிலையங்கள், அரசுக் கண்காட்சிகள் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். மனு எழுதித் தர நாங்கள் இருக்கிறோம்.

படகைத்தான் 24-ல் ஒன்றாகச் சுருக்க வேண்டும் சகோதரிகளே. நம் கூலியை அல்ல.

முடிச்சு

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறோம்.

தாத்தா மரத்தைக் கட்டிக் காட்டிய அன்றைக்கு, நம் பெண்கள் டேப்போடு கிட்டே போனார்கள். அவர் கையை நீட்டி நிறுத்திவிட்டார். "பொம்பளைங்க மரத்துல கால் வைக்கக் கூடாது. எங்க வழக்கம்." எங்களில் ஒருவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஏதோ பேசப்போனார். அந்த அம்மா கண்ணால் ஜாடை காட்டி அடக்கிவிட்டார். பேரன் மேலே நின்று டேப்பைப் பிடித்தான். நம் பெண்கள் மணலில் நின்று எண்ணைப் படித்து எழுதினார்கள். முடிச்சை மட்டும் எட்ட நின்று பார்த்ததில் யாருக்கும் புரியவில்லை.

அன்று திரும்பும்போது அந்த அம்மா சொன்னார்: "நாப்பது வருஷம் இவரு கொண்டாந்த மீனைத் தலையில சுமந்திருக்கேன். காத்தடிக்கிற ராத்திரியில எல்லாம் அந்தக் கட்டு அவிழக் கூடாதுன்னுதான் சாமி கும்பிட்டிருக்கேன். அது எப்படிக் கட்டுறதுன்னு ஒரு நாளும் எனக்குத் தெரியாது."

முடிச்சு தெரியாமல் வேலை இரண்டு வாரம் நின்றது. மூன்றாம் வாரம் அந்த அம்மா, செதுக்கிய ஐந்து குச்சியையும் மெழுகு நூலையும் வீட்டுக்கு எடுத்துப் போனார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் முன்னால் வைத்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது சின்ன மரம்தானே, இதுக்கு வழக்கம் ஒண்ணும் இல்ல. இந்தா, நூலை இப்படிப் புடி" என்று சொல்லி, அவர் விரலைப் பிடித்து முதல் சுற்றைப் போட்டுக் கொடுத்தாராம். பெரிய விரல், சின்ன நூல். நாலு தடவை நழுவியதாம். ஒவ்வொரு கட்டுக்கும் ஏழு சுற்று, அதன்பின் குறுக்கே இறுக்கு. அந்த எண்ணும் இப்போது நம் நோட்டில் இருக்கிறது.

இன்றைக்கு மூன்று குழுவிலும் எந்தப் படகு வெளியே போனாலும் அந்த அம்மா கட்டைப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் போகும். போன மாதம் நாங்கள் செய்த படகு ஒன்றை ஆசையாக நீட்டினோம். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "ஆறு சுத்துதான் போட்டிருக்கீங்க. பிரிச்சுக் கட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரித்துக் கட்டினோம்.

தொழில் தொடங்க நினைக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று வேலை முடித்துவிட்டு வாருங்கள். கட்டுமரமே செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரில் மறைந்துகொண்டிருக்கும் மாட்டு வண்டியோ, ஏற்றமோ, வள்ளமோ இருந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். அதைப் பயன்படுத்திய ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு பாகத்தின் பேரையும் கேட்டு எழுதி வாருங்கள். இப்போது செய்யும் எந்தக் கைவேலையாக இருந்தாலும், இந்த மாதம் முழுதும் எத்தனை மணி நேரம் என்று தினமும் எழுதி வாருங்கள். லோன் மனுவை அதன்பிறகு சேர்ந்து எழுதுவோம்.